ஒரு குழிக்கு மூன்று நாற்று

"நல்லா பால் வடியற காயாப் பாத்துப் பறிச்சுட்டு வா அம்மிணி, வெருசா" என்று பாவாயி அத்தை சொன்னாள். பாவாயி அத்தை என் அக்காவின் மாமியார். அவள் என்னை அம்மிணி என்று கூப்பிட்டால் சொல்லப்போகிற வேலை மோசமான வேலை, மற்ற நாளெல்லாம் நான் ஏ புள்ளதான். கொடுவாளை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். ஒரு பப்பாளிக்காய் பறிக்கக் கொடுவாள் எதற்கு, காம்பைத் திருகினால் கையோடு வந்துவிடும், ஆனாலும் தோட்டத்துக்குப் போகிறபோது கொடுவாள் எடுப்பது செருப்புப் போடுகிற மாதிரி, கை தானாகப் போய் எடுத்துக்கொள்கிறது. வாசலில் தனபால் மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா வீட்டுக்காரர். நேற்றுச் சாயங்காலம் உட்கார்ந்தவர், போர்வையைக் கொண்டுவரச் சொல்லி அங்கேயே தூங்கி அங்கேயே முழித்து அங்கேயே டீயும் குடித்துவிட்டார். வண்டியை கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தியிருக்கிறார், வண்டிக்கும் கல்தூணுக்கும் நடுவில் உடம்பை ஒடுக்கித்தான் நான் வெளியே வந்தேன், அவர் முழங்கால் என் பாவாடையில் உரசியது, காலை நகர்த்தவில்லை. இப்போது வாய்க்கால் வரப்பில் நடக்கிறேன். புல்லில் பனி, கால்விரலெல்லாம் ஈரம், எங்கேயோ மயில் கத்துகிறது, அது கத்துவது எனக்கு எப்போதுமே யாரோ அடிவாங்குகிற சத்தம் மாதிரிதான் இருக்கும். மண்டைக்குள் அக்கா சொன்ன ரெண்டு வாக்கியம் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடுகிறது. அக்கா தரையில் உட்கார்ந்து தன் ரெண்டு பெண்களில் சின்னவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். முதல் வாக்கியம் அத்தை பக்கத்தில் நிற்கும்போது சொன்னது: "போய்ப் பறிச்சுட்டு வாடி, என்ன பாத்துட்டு நிக்கறே." இரண்டாவது வாக்கியம் அத்தை அடுப்படிக்குள் போனபிறகு, தலையை நிமிர்த்தாமல், சின்னவளுடைய சடைக்குச் சொல்கிற மாதிரி: "இவரு மட்டும் வாசல்ல இல்லீன்னா நர்ஸம்மா ஊடு வரைக்கும் நான் நடந்துருவேன்." இதில் எது நிஜம்? ரெண்டும் ஒரே குரல்தான். ரெண்டுக்கும் அவள் கை சடையில் ஒரே வேகத்தில்தான் ஓடியது. போய்ப் பறிச்சுட்டு வாடி. நான் நடந்துருவேன்.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன், காய் அக்காவுக்கு. அக்கா வயிற்றில் நாலு மாசம். நேற்று மத்தியானம் காரில் கூட்டிப்போனார்கள், தாராபுரம் தாண்டி ஏதோ ஒரு தென்னந்தோப்பாம், தோப்புக்குள் ஒரு வேன் நின்றதாம், வேனுக்குள் ஒரு மிஷினாம். அங்கே வாயைத் திறந்து யாரும் எதுவும் சொல்ல மாட்டார்களாம். பையன் என்றால், வேனில் இருக்கிற பொம்பளை ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து அனுப்புவாளாம். அக்காவுக்கு மல்லிகை கொடுத்தாள். கொடுத்தது மட்டுமில்லை, அவளே தலையில் வைத்தும் விட்டாள். அக்கா காரில் இருந்து இறங்கும்போது நான் பார்த்தேன், ரெண்டு முழம் மல்லி, காது ரெண்டையும் மூடிக்கொண்டு தொங்குகிறது, புதுப்பொண்ணு மாதிரி இருந்தாள், "பூ சூப்பரா இருக்குதே, எங்க வாங்குனே" என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டுவிட்டேன். அத்தை வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே போனாள். மாமா நாற்காலியை எடுத்து வாசலில் போட்டார். அக்காவுடைய போனை அவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பூவை அக்கா இன்னும் எடுக்கவில்லை, காலையில் பார்த்தேன், பழுப்பாகிக் கயிறு மாதிரி தலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, எடுத்துப் போடேன் என்று எனக்கு வாய்வரைக்கும் வந்தது. மத்தியானம் மறுபடியும் கார் வரும். அதற்கு முன்னால் காயைக் கொடுத்துப் பார்ப்பது அத்தையுடைய கணக்கு, காயிலேயே கலைந்துவிட்டால் கார் எதற்கு என்று. போன தடவையும் இப்படித்தான், போன வருசத்துக்கு முந்தின வருசம். அப்போது எனக்கு எதுவும் சொல்லவில்லை, பிள்ளைகளைத் தூங்க வை என்று மட்டும் சொன்னார்கள். காரில் போனவள் திரும்பி வந்து கட்டிலில் படுத்தாள், கொஞ்ச நேரத்தில் மெத்தைக்கு அடியில் சொட்டு விழுகிற சத்தம் கேட்டது, தண்ணீர்க் குழாயை யாரோ சரியாக மூடவில்லை என்று நினைத்துக் குழாயைப் போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. அன்றைக்கு ராத்திரியே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம், அங்கே டாக்டரம்மா மாமாவைப் பார்த்துச் சொன்னாள், நான் பக்கத்திலேயே அக்காவுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், "இன்னொரு தடவ இப்படித் தூக்கிட்டு வந்தீங்கன்னா உசுரோட திருப்பித் தர முடியாது." மாமா சரிங்க சரிங்க என்று தலையாட்டினார். தலையாட்டினது மட்டும்தான்.

தோட்டத்து வேலிப்படலைத் திறக்கிறேன். பூ வாசனை மூஞ்சியில் அடிக்கிறது. பப்பாளிப் பூவுக்கு வாசனை உண்டு என்று நிறையப் பேருக்குத் தெரியாது, ஆண் பூவுக்குத்தான் அது, நீளக் காம்பில் கொத்துக் கொத்தாகத் தொங்கும், மல்லிக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிற வாசனை, இன்றைக்கு அதைப் பிடிக்கவே முடியவில்லை, குமட்டுகிறது. பெண் பூவுக்கு வாசனை கம்மி. அது தொங்காது. தண்டோடு தண்டாக, இலைக்காம்பு பிரிகிற இடுக்கில், ஒளிந்துகொண்ட மாதிரி ஒட்டி உட்கார்ந்திருக்கும். குண்டாக இருக்கும். இதழைப் பிய்த்துப் பார்த்தால் உள்ளே காய் ஏற்கெனவே இருக்கும், சுண்டைக்காய் அளவு, பச்சையாய், அதன் தலையில் கொண்டை மாதிரி அஞ்சு பிரிவாக ஒன்று விரிந்திருக்கும், அது ஆண் பூவின் தூளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. தூள் வந்தால் காய். வராவிட்டால் மஞ்சளாகி ஒருநாள் காலையில் மண்ணில் கிடக்கும். பப்பாளியில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நாற்று நடும்போது எது எது என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது, அதற்கு எந்த வேனிலும் மிஷின் இல்லை, அதனால் ஒரு குழிக்கு மூன்று நாற்று நடுவோம். பூ விடுகிறவரைக்கும் மூன்றுக்கும் ஒரே தண்ணீர், ஒரே எரு. பூ விட்டதும் குழி குழியாகப் பார்ப்போம். ஒரு பெண்ணை விட்டுவிட்டு மற்றதை வெட்டிப் போடுவோம். ஆண் என்றால் யோசிக்கவே வேண்டாம், வெட்டு. போன வாரம் முழுக்க அதுதான் வேலை, நான் முன்னால் போய்ப் பூவைப் பார்த்து "ஆணு" என்று கத்துவேன், பின்னால் மாமா ஒரே வீச்சு. பப்பாளித் தண்டு உள்ளே பொக்கு, வாழை மாதிரி சத்தமே இல்லாமல் சாயும். ஆணு. சக். ஆணு. சக். வேலைக்கு வந்த சரசக்கா அன்றைக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள், "ஏனுங் தனபாலு, உங்க ஊட்டு நாயம் தோட்டத்துல தலகீழா இருக்குதுங்களே." மாமாவும் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே அவர் மனசில் கார் புக் பண்ணியாகிவிட்டது.

வெட்டிப் போட்ட ஆண் மரங்கள் வரிசைக்கு நடுவே கிடந்து அழுகுகின்றன, மிதித்தால் சளக் சளக் என்கிறது. ஆனால் எல்லாவற்றையும் வெட்டவில்லை. போன வெள்ளாமையில் எல்லாவற்றையும் வெட்டினார். காய்க்காத மரம் எதற்கு உரம் தின்கிறது என்று யாரோ டீக்கடையில் சொன்னார்களாம், ஒரு ஆண் மரம் விடாமல் வெட்டித் தள்ளினார், எங்கள் பக்கம் சுற்று வட்டாரத்தில் வேறு யாரும் பப்பாளி போடவில்லை, காற்று எங்கிருந்து தூளைக் கொண்டுவரும், ஆகாயத்தில் இருந்தா. பெண் பூ பூவாகப் பூத்துப் பூவாக உதிர்ந்தது. தினமும் காலையில் வந்தால் மரத்தடி முழுக்க வெள்ளையும் மஞ்சளுமாக ஜமுக்காளம் விரித்த மாதிரி கிடக்கும். அதற்கு அத்தை கண்டுபிடித்த காரணம் என் அக்கா. மேனகா தூரமான நாளில் தோட்டத்துக்குள் நடந்தாள், தீட்டுப் பட்டுப் பூ உதிர்கிறது. அவ்வளவுதான், அன்றையிலிருந்து அக்கா இந்தப் படலுக்கு உள்ளே வந்ததில்லை. அவள் நடாத நாற்றா, அவள் ஊற்றாத தண்ணீரா. எனக்குத்தான் அன்றைக்குச் சோறு தின்றுகொண்டிருக்கும்போது திடீரென்று உறைத்தது, "ஏனுங் மாமா, ஆண் மரத்தப் பூராவும் வெட்டிப்போட்டா பெண் மரம் எப்படிங் காய்க்கும்" என்று கேட்டேன். சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னையே பார்த்தார். மறுநாள் நாற்றுப்பண்ணையில் போய்க் கேட்டுவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அந்த முறை தோட்டத்தையே உழுது போட்டோம். அக்காவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, தீட்டு தீட்டாகவே இருந்துவிட்டது. இந்த வெள்ளாமைக்கு அவரே வரிசை வரிசையாக நடந்து, நல்ல வாட்டசாட்டமான ஆண் மரமாகப் பொறுக்கி, சிவப்புத் துணி கட்டினார். விரல்விட்டு எண்ணிவிடலாம். அத்தை வந்து அதற்கெல்லாம் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள், கண்ணுபடக் கூடாதென்று வேப்பிலை சொருகினாள், இதுகள் போச்சுன்னா நாம போனம் என்று கும்பிட்டாள். இதோ ஒன்று நிற்கிறது. காற்றில் பூக்கொத்து ஆடுகிறது. மாப்பிள்ளை.

நான் படிப்பில் ஒன்றும் புலி இல்லை, பதினொன்றாவதில் பாதியில் நின்றுவிட்டேன், போன தடவை அக்காவைக் காரில் கூட்டிப்போனபோது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்தேன், அப்படியே இருந்துகொள் என்றார்கள், அம்மாவும் சரி என்றுவிட்டாள், ஒரு வாய் குறைந்தது. பத்தாவதில் பூ பாடம் நடத்தின சாந்தி டீச்சர் செம்பருத்தியைக் கிழித்துக் காட்டி இது ஆண் பாகம் இது பெண் பாகம் என்றாள், பசங்கள் பின்னால் இருந்து கெக்கே கெக்கே என்று சிரித்தார்கள், டீச்சருக்குக் காது சிவந்துபோய் மனுசப் பாடத்தை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று தாண்டிவிட்டாள். நான் வீட்டில் படித்தேன். அதில் இருக்கிறது, ஆணா பெண்ணா என்பது ஆம்பளையிடம் இருந்து வருகிறதை வைத்துத்தான், பொம்பளைக்கு அதில் கையே இல்லை. அதைப் போன பொங்கலுக்கு ஒறம்பரை என்று சொந்தக்காரர்கள் எல்லாம் வந்திருக்கும்போது சொன்னேன். அத்தை டம்ளரை என் மேல் வீசினாள், மாமா "உடும்மா, டாக்டரம்மா பேசறாங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, அடுப்படி நிலைப்படியில் நின்று என்னையே பார்த்தாள், அந்தப் பார்வை எனக்கு இன்னும் புரியவில்லை, நன்றியா கோபமா. அன்றைக்கு ராத்திரி பாத்திரம் கழுவும்போது அத்தை என் பக்கத்தில் வந்து நின்று, என் இடுப்பைப் பார்த்து, மாடு பார்க்கிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, "உனக்கும் வயசாச்சு. நம்மூட்டுக்கு நீ புதுசா என்ன. அக்கா தங்கச்சி ஒரே ஊட்ல இருந்தா அதுக ரெண்டும் அனாதயாகாது பாரு" என்றாள். அதுக ரெண்டும் என்றால் அக்காவுடைய பிள்ளைகள். ஏன் அனாதையாகும்? அம்மா உயிரோடு இருக்கும்போது பிள்ளைகள் எப்படி அனாதையாகும்? இதை நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். அடுத்த பாத்திரத்தை எடுத்துத் தேய்த்தேன். தீபாவளிக்கு மாமா எனக்கும் அக்காவுக்கும் ஒரே கலரில் சேலை எடுத்துவந்தார். எனக்குப் பதினேழு, நான் சேலை கட்டுவதே இல்லை. அது இன்னும் பிரிக்காமல் டிரங்குப்பெட்டிக்கு அடியில் கிடக்கிறது, ராத்திரி தூங்கும்போது அது அங்கே இருப்பது முதுகில் தெரியும். ஒரு குழிக்கு மூன்று நாற்று. ஒன்று சரியில்லை என்றால் பக்கத்தில் இன்னொன்று தயாராக, அதே தண்ணீரைக் குடித்து வளர்ந்து நிற்க வேண்டும். இதை நான் நாற்று நட்டபோதே யோசித்திருக்கலாம். மண்ணை அழுத்திவிட்டதே நான்தான்.

கிணற்றோரத்தில் தானாக முளைத்த மரம் ஒன்று நிற்கிறது, தோட்டத்தில் இப்போதைக்குக் காய் இருப்பது அதில் மட்டும்தான். அதன் பூவில் ரெண்டும் சேர்ந்தே இருக்கும், செம்பருத்தி மாதிரி, அதற்கு யாரும் வேண்டாம், காற்றும் வேண்டாம், தன் பாட்டுக்குக் காய்க்கிற சாதி. எனக்குப் பிடித்த மரம். காய்க்கு முன்னால் நிற்கிறேன். கையை நீட்டுகிறேன். கை நிற்கிறது. திருகுகிறேன். காம்பில் இருந்து பால் குபுக்கென்று வந்து மணிக்கட்டில் வழிகிறது, வெள்ளை வெளேர் என்று, தாய்ப்பால் மாதிரி, ஆனால் எரியும், சின்னவயசில் பப்பாளிக்காயைக் கீறிப் பால் எடுக்கிற வேலைக்குப் போனபோது பட்ட தழும்பு இன்னும் விரலிடுக்கில் இருக்கிறது. காய் கனமாக இருக்கிறது. ஒரு தலை அளவு. போன் அடிக்கிறது, காய் நழுவிக் கிணற்று மேட்டில் உருள்கிறது. அத்தைதான். "அங்க என்ன பண்றே, காயப் பறிக்கப் போனியா வெதச்சு வளத்தப் போனியா?" "பறிச்சுட்டனுங் அத்தை." "பறிச்சா வரத் தெரியாதா. மாமன் வண்டியெடுத்துட்டு வரணுமா?" "வேண்டாங் அத்தை, வர்றனுங்." வைத்துவிட்டாள். வரணுமா. அந்த வார்த்தை எங்கோ மாட்டிக்கொண்டது, ஆனால் எங்கே என்று தெரியவில்லை, முள் எந்தக் காலில் என்று தெரியாமல் நொண்டுகிற மாதிரி. பால் கையோடு நர்ஸம்மா நம்பரைத் தேடுகிறேன். என் போன் கண்ணாடி கீறல் விழுந்தது, ஈரக் கைக்கு வேலை செய்யாது, பாவாடையில் துடைத்துத் துடைத்து அழுத்துகிறேன். விமலா சிஸ்டர் தடுப்பூசி என்று சேமித்திருக்கிறேன். எடுத்துவிட்டாள். சொல்கிறேன். எல்லாவற்றையும், பூ, வேன், காய், மத்தியானம் கார், ஒரே மூச்சில். அவள் முழுக்கக் கேட்டுக்கொள்கிறாள். பிறகு, "காய்னால ஒண்ணும் ஆவாது, அத உடு. அதுக்கப்பறம் அவங்க கூட்டிட்டுப் போறதுதான் ஆபத்து. ரோகிணி, நான் போலீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இப்பவே சொல்றேன், ஆனா அவங்க வர்றதுக்குள்ள காரு வந்துருமே. போன தடவ நான் உங்க ஊட்டுக்கே வந்தேன், அம்மா ஊட்டுக்குப் போயிருக்கறான்னு மோர் குடுத்து அனுப்புனாங்க, அவ உள்ளதான் கெடந்திருக்கறா. எப்படியாச்சும் அவள வாசலத் தாண்ட வெச்சுரு. என்ற கதவுக்குள்ள வந்துட்டா அப்பறம் நான் பாத்துக்கறேன்." "மாமா வாசல்ல உக்காந்திருக்கறாருங் சிஸ்டர்." "அதான் சொல்றேன்" என்றாள், "அதான் கண்ணு."

அதான். வாசல். நான் நடந்துருவேன். இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது எது நிஜம் என்று. முதல் வாக்கியம் அத்தைக்குச் சொன்னது, இரண்டாவது எனக்குச் சொன்னது, இவ்வளவுதான், இதற்குப் போய் வரப்பு முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் மாமாவை நாற்காலியில் இருந்து எழுப்புவது எப்படி? பாம்பு கடித்துவிட்டது என்று சொன்னால்? சரசக்காவை அனுப்புவார். கிணற்றில் விழுந்துவிட்டேன் என்றால்? யோசிப்பார், நிஜமாகவே யோசிப்பார், அப்புறம் பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்குப் போன் பண்ணுவார். எனக்காக அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்க மாட்டார். மாமன் வண்டியெடுத்துட்டு வரணுமா. எதற்காக வருவார்? வண்டியை கேட்டில் இருந்து எடுத்து, முறுக்கிக்கொண்டு, யாரையும் காவல் வைக்கத் தோன்றாத அளவுக்குப் பதறி எதற்காக ஓடிவருவார்? காற்று அடிக்கிறது. வாசனை வருகிறது. சிவப்புத் துணி. கொடுவாள் கிணற்று மேட்டில் காய்க்குப் பக்கத்தில் கிடக்கிறது. எடுக்கிறேன். பயமாக இருக்கிறதா என்றால் இருக்கிறது, ஒன்றுக்கு வருகிற மாதிரி இருக்கிறது. இந்தப் பெண் மரமெல்லாம் இப்போதுதான் பூத்திருக்கிறது, ஒவ்வொரு இடுக்கிலும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, ஆண் மரம் போனால் இதுகள் மறுபடியும் ஜமுக்காளம்தான். மறுபடியும் உழவேண்டியதுதான். பாவம் இதுகள் என்ன செய்தது. அக்கா என்ன செய்தாள்? மாமாவுக்குப் போன் போட்டேன். "என்ன புள்ள?" "ஏனுங் மாமா, நான் சிவப்புத் துணி மரத்துகிட்ட நிக்கறனுங்." "அதுக்கு?" "வெட்டப்போறனுங்." சிரித்தார். "காலங்காத்தால என்ன, பைத்தியமா புடிச்சிருக்குது?" நான் போனை இடது கையில் தண்டுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வலது கையால் வீசினேன். சக். அந்தச் சத்தம் அவருக்கு நன்றாகவே தெரியும், போன வாரம் முழுக்க அவர் போட்ட சத்தம். மரம் சாயும்போது சத்தம் வரவில்லை, துணி மட்டும் ஒருதரம் படபடத்தது, பூக்கொத்து என் தோளில் விழுந்தது, மூக்கெல்லாம் தூள். போனில் மூச்சு. பிறகு நாற்காலி விழுகிற சத்தம், பிளாஸ்டிக் சிமெண்டில் அடிக்கிற சத்தம், எனக்குப் பிடித்த பாட்டு மாதிரி அது கேட்டது. "அடியே! தொட்டீன்னா உன்னயவும் சேத்து வெட்டிப்போடுவன்!" என்று கத்திக்கொண்டே வண்டியை உதைக்கிறார், தூரத்தில் அத்தை குரல், "டே தனபாலு, எங்கடா போறே, டே!" வண்டி கிளம்பிவிட்டது. கேட் திறந்துவிட்டது. நட அக்கா. நட.

அடுத்த துணி. வரிசைக்கு வரிசை ஓடுகிறேன், அழுகின தண்டில் வழுக்கி விழுந்து முட்டி உரசி எழுந்து ஓடுகிறேன், வெட்டுகிறேன், பால் கையிலும் கழுத்திலும் தெறித்து எரிகிறது, கொடுவாள் பிடி வழுக்குகிறது. ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் கணக்குப் போடுகிறேன், இப்போது அக்கா எழுந்திருப்பாளா, பிள்ளைகளை எடுத்திருப்பாளா, சின்னவள் செருப்பைத் தேடி அழுவாளே, அத்தைக்கு மூட்டு வலி, அவளால் ஓட முடியாது, கத்தத்தான் முடியும், கத்தினால் என்ன, ஊர் வந்து பார்க்கட்டும். இல்லை, அக்கா எழுந்திருக்கவே இல்லை, அப்படியே சடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நான் தப்பாகப் புரிந்துகொண்டேன், முதல் வாக்கியம்தான் நிஜம், அவளுக்கும் இது வேண்டாம், அவளுக்கும் அலுத்துவிட்டது, நான் சும்மா ஒரு தோட்டத்தை அழித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நினைப்பு வந்ததும் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. அதோ வண்டிச் சத்தம். படல் முறிகிற சத்தம். வண்டியை நிறுத்தக்கூட இல்லை, கீழே போட்டுவிட்டார், சக்கரம் சுற்றுகிற சத்தம் தனியாகக் கேட்கிறது. கடைசி மரம். கடைசிச் சிவப்புத் துணி. அதன் தண்டோடு முதுகை ஒட்டி நிற்கிறேன், பொட்டு வைத்த மஞ்சள் என் ஜாக்கெட்டில் ஒட்டுகிறது. வரிசைக்கு அந்தக் கோடியில் இலைகள் ஆடுகின்றன, ஒவ்வொரு குழியாக ஆடிக்கொண்டே வருகிறது, அவர் தெரியவில்லை, ஆட்டம்தான் தெரிகிறது.

போன் அடிக்கிறது. விமலா சிஸ்டர் தடுப்பூசி. கட்டைவிரலில் பால், அழுத்துகிறேன், எடுக்கவில்லை, அழுத்துகிறேன், எடுக்கவில்லை, மூக்கால் தள்ளுகிறேன். மூச்சு இரைக்கிற சத்தம். அப்புறம் கதவுத் தாழ்ப்பாள் போடுகிற சத்தம், இரும்புத் தாழ்ப்பாள், பெரிசு. அக்கா. "ரெண்டையும் கூட்டிட்டு வந்துட்டண்டி" என்கிறாள். அழவில்லை. "சின்னவளுக்கு ஒரு சடதான் பின்னியிருக்குது, ஒரு பக்கம் விரிச்சுட்டே ஓடியாந்துட்டேன். அந்தப் பூவை வழியிலயே பிச்சு எறிஞ்சுட்டேன். நீ எங்கடி இருக்கற? ரோகிணி? நீ எங்க இருக்கற?" நான் பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது மாமா இலையை விலக்கிக்கொண்டு எதிரே வந்து நிற்கிறார். செருப்பு இல்லை. நெற்றியில் ஒரு நரம்பு எழும்பி நிற்கிறது. பின்னால் விழுந்து கிடக்கிற மரங்களைப் பார்க்கிறார், என் பின்னால் நிற்கிற கடைசி மரத்தைப் பார்க்கிறார், என் கையைப் பார்க்கிறார். கத்தவில்லை. குரலைத் தணித்து, குழந்தையைக் கூப்பிடுகிற மாதிரி, கையை நீட்டுகிறார்.

"அம்மிணி" என்கிறார். "கொடுவாளக் குடு அம்மிணி."

நான் கொடுக்கவில்லை.